அஞ்சம்மாள் நிமிர்த்திய பந்தயச் சக்கரம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், இடது கைப்பக்கம், தகரம் போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்துதான் அஞ்சம்மாள் அலுமினியப் பாத்திரம் நிமிர்த்துவாள். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து மீன் கொண்டுவரும் பொம்பளைகளின் அன்னக்கூடைகள்தான் அவளுக்கு முக்கால்வாசி வேலை. ரயிலில் ஏற்றும்போது ஒரு கூடை நசுங்கும், இறக்கும்போது இன்னொன்று நசுங்கும். அவள் கைக்குப் போனால் எல்லாம் வட்டமாகத் திரும்பி வரும்.

உறவு வழியில் அவள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய சின்னம்மா மகன் ஆதிகேசவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா பச்சையம்மா பள்ளிப்பட்டுக்காரி. அப்பா ஆரம்பாக்கத்தில் சொந்தமாக நெல் பயிரிட்டுச் சாப்பிட்டவர். அஞ்சம்மாளுக்குப் பன்னிரண்டு வயசாகும்போது தம்பி பரசுராமன் பிறந்தான். பிறந்த நாலாம் நாள் தாய் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்குத் தாய் இவள்தான். கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போகும்போதும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். ஆதிகேசவன் மட்டும், "ரெண்டு பேரும் வந்தாதான் நானு கூட்டிக்கினு போவேன்" என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை, அவன்.

திருவொற்றியூரில் ஒரு பாத்திரப் பட்டறையில் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வேலை செய்தார்கள். அவன் தகட்டைக் குண்டாவாக்குவான். இவள் உலையில் தகடு காய்ச்சுவாள். பதினேழு வருஷம். அதற்குள் தம்பியைப் பட்டறை லாரியில் கிளீனராக ஏற்றிவிட்டு, டிரைவிங் கற்றுக்கொள்ள வைத்து, லைசென்சும் வாங்கிக் கொடுத்தாள். மஞ்சள் காமாலையில் ஆதிகேசவன் போன பிறகு, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியையும் அடைகல்லையும் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டாள். பொம்பளை சுத்தி பிடிக்கிறதா என்று சிரித்தவர்களும், கூடை நசுங்கினால் அவளிடம்தான் வந்தார்கள்.

தம்பிக்குப் பட்டணத்தில் ஒரு பெரிய மில் குடும்பத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. வெள்ளை உடுப்பு, தொப்பி, கார் ஷெட்டுக்கு மேலேயே குடியிருக்க அறை. அங்கேதான் அவன் புத்தி கெட்டது. எழுபதாம் வருஷம் பெரம்பூரில் ரயில்வே குமாஸ்தா வீட்டில் பெண் எடுத்தான். அக்கா மீன் மார்க்கெட்டில் கூடை தட்டுகிறாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை போலிருக்கிறது. கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டான். தாலியில் நாத்தனார் போடுகிற முடிச்சை அவர்கள் சின்னம்மா மகள் முத்தம்மாள் போட்டாள். முத்தம்மாள்தான் பிறகு வந்து அழுதுகொண்டே அஞ்சம்மாளிடம் சொன்னாள். இவள் அன்றைக்கு நிமிர்த்த வேண்டிய கூடைகளை நிமிர்த்தி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை. சம்பா அறுப்பு முடிந்து ரோட்டோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம். நான் அன்றைக்குக் கருவாடு வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்.

ஒன்பது மணி இருக்கும். கடைத்தெருவில் ஒரே கூச்சல். பார்த்தால், எளாவூர் செங்கல்வராயன் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு முன்னால் வருகிறான். அவன் பின்னால், சைக்கிள் வேகத்துக்கே, ஒரு சிவப்புக் கார் ஊர்ந்து வருகிறது. தரையோடு தரையாக இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்கார முடியும். பக்கத்தில் பெரிதாகப் பதினாலு என்று நம்பர் எழுதியிருக்கிறது. மூன்று சக்கரம் வெள்ளி மாதிரி பளபளவென்று அகலமாகவும், முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் ஒல்லியாகக் கறுப்பாகவும் இருந்தன.

"யம்மோவ் அஞ்சம்மா! உனுக்கு ஒரு புது மாரி கூடை கொண்ணாந்துகிறேன்!" என்று செங்கல்வராயன் கத்தினான். அவனுக்கு எளாவூர் ரோட்டோரம் நாலு காணி நிலம். அஞ்சம்மாளைக் கூடைக்காரியாகத்தான் தெரியும். மற்ற கதை தெரியாது.

காரிலிருந்து ஒரு நடுவயசுக்காரர் இறங்கினார். கையெல்லாம் கிரீஸ். அவர் நாகமுத்து மேஸ்திரி, அந்த வண்டியின் மெக்கானிக். பின்பக்கத்திலிருந்து வளைந்த சக்கரத்தை எடுத்து, பக்கத்துப் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிக் கொட்டகை முன்னால் வைத்தார். டிரைவர் மட்டும் இறங்கவில்லை. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சம்மாள் ஒரு பார்வைதான் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம், "இன்னா சாமான் இது?" என்றாள்.

கூடை நிமிர்த்த வந்திருந்த கங்கம்மாள் விடுகிற ஆளா? குப்பத்திலேயே அவள் வாய்தான் பெரிய வாய். காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"ஏமே அஞ்சம்மா, இது உன் தொம்பி மாரி கீது?"

"எனுக்குத் தொம்பி கீறானா இல்லியான்னு அவர்தான் சொல்லணும்" என்றாள் அஞ்சம்மாள், தலை நிமிராமல்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "இன்னாடா பரசு, உனுக்கு யாருமே இல்லன்னு சொன்னியே?"

பரசுராமன் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "அக்கா..." என்றான்.

"அக்கா கிக்காவெல்லாம் அப்புறம். இன்னா ஆச்சு, எப்போ வோணும், அத்த சொல்லு."

நடந்தது இதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம். வண்டி அவர்கள் சின்ன முதலாளியுடையது. அவரே ஓட்டப்போகிறார். என்ஜினில் புதுச் சாமான் போட்டிருந்ததால், ஐம்பது மைல் நிதானமாக ஓட்டிவிட்டு மூன்று மணிக்குள் சோழவரத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்குப் பந்தய ஆபீசர்கள் வண்டியைச் சோதிப்பார்கள். அதற்குள் வராத வண்டியின் பேரை அடித்துவிடுவார்கள். பரசுராமன் ஆரம்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். எளாவூர் தாண்டுகிற இடத்தில் செங்கல்வராயன் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, அதன் ஒரு ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தான். எதிரே லாரி. ஒதுங்க இடமில்லை. நெல்லின் மேல் ஏற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பரசுராமன் ஏற்றவில்லை. ஒடித்துக் கல்லின் மேல் விட்டுவிட்டான்.

"நான் பட்டணத்துல பொறந்தவன்" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "நெல்லு மேல ஏத்துடான்னு கத்தறேன், இவன் கல்லு மேல ஏத்தறான்! எந்த ஊரு டிரைவராச்சும் இப்டி செய்வானா?"

"நெல்லு மேல ஏத்தலியா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள். அப்போதுதான் முதன்முதலாகத் தம்பி முகத்தைப் பார்த்தாள்.

"எப்டிக்கா ஏத்தறது? சோறாச்சே."

"அப்பாரு சொன்னது அது ஒண்ணாச்சும் ஞாபகம் கீதே."

"எங்க ஊட்டு நெல்லுக்காவ வளைஞ்ச சக்கரம்மா இது" என்றான் செங்கல்வராயன். "அதனாலதான் நானே வழி காட்டிக்கினு வந்தேன். உன்னை வுட்டா யாரு கீறாங்க?"

மற்றதையும் பரசுராமன் சொன்னான். போன மாதம் கேட்டில் உரசிப் பின்பக்க விளக்கை உடைத்துவிட்டானாம். இன்னொரு தடவை வண்டியில் ஏதாவது ஆனால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று சின்ன முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டாராம். இந்தக் கறுப்புச் சக்கரத்தோடு ஓட ஆபீசர்கள் விடமாட்டார்கள். நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேறு சக்கரம் சீமையிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும்.

"வேலை போச்சுன்னா ரூமும் போச்சுக்கா. கைக்கொழந்தய வெச்சிக்கினு எங்க போறது?"

"கொழந்தயா?"

"பொண்ணு. ரெண்டு மாசம் ஆவுது."

அஞ்சம்மாள் சக்கரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் தலையைத் தடவுவதுபோல விளிம்பைச் சுற்றிலும் தடவினாள். உள்பக்கத்து விளிம்பு ஓரிடத்தில் கட்டைவிரல் ஆழத்துக்கு உள்ளே குழிந்திருந்தது. சுண்டிப் பார்த்தாள்.

"இது தகடு இல்ல. வார்ப்பு" என்றாள்.

"அலாய்மா" என்றார் மேஸ்திரி. "சுத்தியால ஒரு தட்டு தட்டினா பொரை ரொட்டி மாரி உடையும். அதான் நானு கை வெக்கல. அது போவட்டும், சில சக்கரம் மெக்னீசியத்துல வருது. நெருப்புகிட்ட கொண்டுபோனா பட்டாசு மாரி பத்திக்கும். இது எதுன்னு எனுக்கே சரியாத் தெரியாது."

அஞ்சம்மாள் அரத்தை எடுத்துக் குழிவுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை ராவினாள். சவுக்குக் கரி கனிந்திருந்த உலையில் அந்தத் தூளைப் போடக் கையை ஓங்கினாள். மீன்காரப் பொம்பளைகள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போனார்கள். செங்கல்வராயன் சைக்கிளோடு போனான். தூள் விழுந்தது. ஒரு பொறிகூட இல்லை.

"மேஸ்திரி, உன் பட்டாசு நமுத்துப் போச்சு" என்றாள் கங்கம்மாள்.

இப்போது அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர்ப் பட்டறையில் உலைச் சூட்டைப் பார்க்க மெஷின் ஒன்றும் கிடையாது. மஞ்சள் பார் சோப்பால் உலோகத்தின் மேல் ஒரு கோடு இழுப்பார்கள். அலுமினியம் சிவக்காது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று உருகி ஓடிவிடும். ஆனால் சோப்புக் கோடு சூட்டுக்கு நிறம் மாறும். அந்த நிறம்தான் கணக்கு.

"தகடுன்னா கோடு கறுக்குற வரைக்கும் வுடலாம்" என்று மேஸ்திரிக்குச் சொல்லிக்கொண்டே கோடு போட்டாள். "வார்ப்புன்னா டீ நெறம் வந்தாவே நிறுத்திடணும். அதுக்கு மேல போனா புட்டு மாரி உதுந்துரும். ஒருவாட்டி வார்ப்புக் கைப்பிடி ஒண்ண நானே அப்டி உதுத்து, எங்க ஊட்டுக்காரு மூணு நாளு என்னாண்ட பேசல."

குழிந்த இடத்தில் மட்டும் அவள் சோப்புப் போடவில்லை. விளிம்பு முழுக்க, சாண் சாணாகக் கோடு இழுத்தாள்.

"அடிபட்ட எடத்த மட்டும்தான காச்சணும்?" என்றார் மேஸ்திரி.

"அங்க மட்டும் காச்சினா பக்கத்துல வெடிக்கும். மொத்தமும் எளகணும்."

பிறகு ஒரு பனையோலையை வாங்கி, விளிம்பின் நல்ல பக்கத்து வளைவுக்கு அச்சாகக் கத்தரியால் நறுக்கி வைத்துக்கொண்டாள். அந்த ஓலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். குழிவில் வைத்தால் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி தெரிந்தது.

"கொட்டாப்புளி எங்கக்கா?" என்று பரசுராமன் எடுக்கப்போனான்.

"வை அத்த. இத்த அடிக்கக் கூடாது. தள்ளணும். உன் வண்டி ஜாக்கிய எடுத்துக்கினு வா."

மேஸ்திரி வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. அவருக்கும் அது தோன்றவில்லை, பாருங்கள். சக்கரத்தின் வயிற்றுக்குள், குழிவுக்கு நேராக ஒரு பக்கமும் எதிரே ஒரு பக்கமும் புளியங்கட்டையைச் செதுக்கி வைத்து, நடுவில் ஜாக்கியை நிறுத்தி அளவு பார்த்து வெளியே எடுத்தாள். சக்கரத்தை உலையின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சோப்புக் கோடுகள் மஞ்சளிலிருந்து பழுப்பானதும் இறக்கி, கட்டையையும் ஜாக்கியையும் உள்ளே வைத்தாள். "கால் சுத்து" என்றாள். பரசுராமன் ஜாக்கியைக் கால் சுற்றுச் சுற்றினான். "நிறுத்து." மறுபடி உலை. மறுபடி கால் சுற்று. இரண்டு பேரும் சின்ன வயசில் ஒரே உலையில் வேலை பார்த்தவர்கள்போலத்தான் இருந்தது. அவள் கண் அசைந்தால் அவன் கை நிற்கும்.

சூலூர்ப்பேட்டை வண்டி வந்து போனது. மீனை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டிய பொம்பளைகள் ஒருத்தியும் அதில் ஏறவில்லை.

பதினொன்றரைக்குச் சக்கரத்தை ஆறவைத்துக் காரில் மாட்டினார்கள். பஞ்சர் கடை ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, மேஸ்திரி ஒரு சாக்பீஸை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். வளைவு போயிருந்தால் சாக்பீஸ் சுற்றிலும் ஒரே கோடாகப் பட வேண்டும். பட்டது ஒரு சாண் அளவுக்குத்தான்.

"இன்னும் மேடு கீது" என்றார். அதற்குள் அவரும் அஞ்சம்மாள் கட்சிக்கு வந்துவிட்டார் போல, குரலில் வருத்தம் இருந்தது.

அஞ்சம்மாள் ஓலையை வைத்துப் பார்த்தாள். "குழிவ எடுத்துட்டோம். இப்போ இந்தாண்ட கொஞ்சம் புடைச்சிக்கிச்சு. இன்னொரு காச்சல் காச்சணும். சோப்பு தீந்து போச்சு, வாங்கியா."

பரசுராமன் ஓடினான். ஓடின வேகத்தில் கடைக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். ரோஜா நிறத்தில், வெள்ளித்தாள் சுற்றி, மல்லிகை வாசனையோடு ஒரு குளியல் சோப்பு.

கங்கம்மாள் அதை மோந்து பார்த்தாள். "நைனா, சக்கரத்துக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

"இத்த உன் பெண்டாட்டி மூஞ்சிக்குப் போட்றா" என்று அஞ்சம்மாள் அதைத் திருப்பி அவன் சட்டைப் பையில் போட்டாள். "வாசனை சோப்பு எந்தச் சூட்டுல இன்னா நெறம் காட்டும்னு யாருக்குத் தெரியும்? எனுக்குத் துணி தொவைக்கிற மஞ்ச சோப்புதான் பேசும்."

அவன் மறுபடி ஓடுவதற்குள் கங்கம்மாள் தன் மடியிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் சோப்பை எடுத்துப் போட்டாள். மீன் வாடை போகக் கை கழுவ எப்போதும் வைத்திருப்பாள். "இந்தா. பந்தயம் ஓடட்டும்."

இரண்டாவது காய்ச்சலில் ஜாக்கி இல்லை. புடைத்த இடத்தில் புளியங்கட்டையை வைத்து, அஞ்சம்மாள் எழுந்து நின்று தன் உடம்புப் பாரத்தை இரண்டு கையாலும் அழுத்தினாள். ஒரு மூச்சு. கட்டையை நகர்த்தினாள். இன்னொரு மூச்சு. நெற்றி வேர்வை விழுந்து சக்கரத்தில் சுர்ரென்றது. பிறகு ஓலையை வைத்தாள். சுற்றிலும் நகர்த்தினாள். எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை.

மறுபடி மாட்டினார்கள். மேஸ்திரி சாக்பீஸைப் பிடித்தார். சக்கரம் சுற்றி நின்றபோது விளிம்பு முழுக்க நூல் பிடித்தமாதிரி ஒரே வெள்ளைக் கோடு. பொம்பளைகள் அன்னக்கூடையைத் தட்டிச் சத்தம் போட்டார்கள் பாருங்கள், ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் மேஸ்திரி கையை உயர்த்தினார். "இரும்மா. பாக்க நேராத்தான் கீது. உள்ள முடி மாரி ஒரு வெடிப்பு இருந்தா? நூறு மைல் வேகத்துல போவும். ஓட்டறவரு உசுரு."

"நானு முடிச்சிட்டேன்னு சொன்னனா?" என்றாள் அஞ்சம்மாள். "ஓட்டை கூடைய எப்டி கண்டுபுடிக்கிறேன்னு பாத்ததில்லியே நீ."

நிமிர்ந்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டாள். துடைத்துக் காயவிட்டு, அதன்மேல் சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசினாள். எங்கேயாவது வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் சுண்ணாம்பில் ஈரக்கோடாகக் கசியும். எல்லோரும் அந்தச் சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். பரசுராமன் மட்டும் பார்க்கவில்லை. தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மேஸ்திரி குனிந்து, மூக்கு சுண்ணாம்பில் படுகிற அளவுக்குப் பார்த்தார். எழுந்தபோது மூக்கு நுனி வெள்ளையாக இருந்தது.

"வெள்ள வெள்ளன்னு கீது" என்றார். "ஒரு கோடு இல்ல. யம்மா, நீ எங்கம்மா இவ்ளோ நாளு இருந்த?"

"இங்கதான் இருந்தேன்" என்றாள் அஞ்சம்மாள், தம்பியைப் பார்த்து.

பஞ்சர் கடையில் டயரை ஏற்றிக் காற்றடித்துக் கிளம்பும்போது மணி ஒன்றே முக்கால். பரசுராமன் ஏதோ சொல்ல வந்தான். "ஒண்ணும் வோணாம், மூணு மணிக்குள்ள போயி சேரு" என்று அவள் அனுப்பிவிட்டாள். செங்கல்வராயன் பழக்க தோஷத்தில் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். இந்தத் தடவை கார் அவனை ஒரே மூச்சில் தாண்டிப் போனது.

சோழவரத்தில் நடந்ததை மேஸ்திரி பிறகு எங்களிடம் வந்து சொன்னார். சோதனை ஆபீசர் நாலு சக்கரத்தையும் கருவி வைத்துச் சுற்றிப் பார்த்தாராம். இடது முன்சக்கரத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இது ரிப்பேர் பண்ண வீலா? எந்தக் கம்பெனி?" என்று கேட்டாராம். சின்ன முதலாளி அப்போதுதான் விஷயம் தெரிந்து டிரைவரைத் திரும்பிப் பார்த்தாராம். பரசுராமன் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னானாம், கல்லின் மேல் விட்டது முதல்.

"யார் செஞ்சது?" என்று முதலாளி கேட்டாராம்.

"எங்கக்கா சார். அஞ்சம்மாள். கும்மிடிப்பூண்டி மீன் மார்க்கெட்டுல அன்னக்கூடை நிமுத்தறாங்க."

"உனக்கு அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க சார். என்னை வளத்தவங்க."

ஆபீசர் மறுபடி ஒரு தடவை சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மற்ற மூன்றைவிட இதுதான் கோணல் இல்லாமல் ஓடுகிறது என்று சொல்லித் தாளில் கையெழுத்துப் போட்டாராம். ரிப்பேர் செய்தவர் பேர் என்கிற இடத்தில் அஞ்சம்மாள் பேரை எழுதினார்களாம். சின்ன முதலாளி சாவிக்காகக் கையை நீட்டவே இல்லையாம். "நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னாராம்.

கூட்டிக்கொண்டு போக அவன் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவாட்டு லாரி ஒன்றைப் பிடித்து, குப்பத்துப் பொம்பளைகள் பதினெட்டுப் பேர், நான், அஞ்சம்மாள், செங்கல்வராயன் எல்லோரும் சோழவரம் போனோம். ஜனமான ஜனம். உட்கார இடம் ஏது? ஏரிப் பக்கமாக, வைக்கோல் கட்டு அடுக்கியிருந்த வளைவுக்குப் பக்கத்தில், அன்னக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு வரிசையாக உட்கார்ந்தோம். அந்த வாடைக்குப் பக்கத்திலிருந்தவர்கள் தாமாகவே இடம் விட்டார்கள்.

வண்டிகள் கிளம்பின சத்தத்தில் காது அடைத்தது. அஞ்சம்மாள் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. சிவப்பு வண்டி வரும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தை மட்டும் பார்த்தாள். அந்த வளைவு வலது பக்கம் ஒடிக்கிற வளைவு. வண்டியின் முழுப் பாரமும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் சாயும். ஒவ்வொரு சுற்றிலும் டயர் கீச்சென்று கத்தும், வண்டி படுக்கப்போகிற மாதிரி சாயும், சக்கரம் தாங்கும், நிமிர்ந்து போகும். "அஞ்சம்மா சக்கரம்! அஞ்சம்மா சக்கரம்!" என்று எங்கள் ஆட்கள் கத்தியதில், பக்கத்தில் இருந்தவர்கள் அதுதான் அந்த வண்டியின் பேர் என்று நினைத்து அவர்களும் கத்த ஆரம்பித்தார்கள்.

பத்துச் சுற்று. சிவப்பு வண்டி இரண்டாவதாக வந்தது. கங்கம்மாள் அதைச் சாகிறவரை ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னால போனது போன சுத்துல பின்னாலதான இருந்துச்சு? எங்களுதுதான் கெலிச்சுது" என்பாள்.

பந்தயம் முடிந்ததும் சின்ன முதலாளி தலைக் கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக வைக்கோல் கட்டைத் தாண்டி எங்களிடம் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. அஞ்சம்மாளைக் கும்பிட்டார். "உங்க சக்கரம் ஒரு இடத்துலகூட ஆடலைம்மா. இனிமே எங்க வண்டிக்கு எது வளைஞ்சாலும் உங்ககிட்டதான் வரும். பரசுவைத்தான் அனுப்புவேன்."

"அனுப்புங்க" என்றாள் அவள். "ஆனா நெல்லு காயுற மாசத்துல மட்டும் அவனை ரோட்டுல வுடாதீங்க."

அவர் சிரித்தார். சொன்ன சொல் தவறவில்லை. அவர் வண்டி மட்டுமில்லை, அந்த வருஷத்துக்குப் பிறகு பந்தயத்துக்கு வந்த எத்தனையோ வண்டிகளின் சக்கரங்கள் மீன் கூடைகளுக்கு நடுவில் வரிசையில் கிடந்து முறை வரக் காத்திருந்தன. கூடைகளுக்கு முன்னால் எந்தச் சக்கரத்தையும் அவள் எடுத்ததில்லை.

முதலாளி போன பிறகுதான் பார்த்தோம், கூட்டத்தைப் பிளந்துகொண்டு பரசுராமன் வருகிறான். பக்கத்தில் பெண்சாதி, பூவம்மாள் என்று பேர். தோளில் குழந்தை. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தவளைக் காலையில் பெரம்பூருக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறான். பதினெட்டு மீன்காரிகளும், சோழவரத்து ஜனமும், அவன் கூட வேலை செய்கிற டிரைவர்களும் பார்க்க, குரல் எழுப்பிச் சொன்னான்:

"இவங்கதான் எங்கக்கா. கூடப்பொறந்தவங்க. பொய் சொன்னவன் நானு. கால்ல வுழு, பூவம்மா."

பூவம்மாள் விழுந்தாள். எழுந்தபோது கண்ணில் தண்ணீர். "எனக்குத் தெரியாதுங்க அண்ணி. நீங்க போட வேண்டிய முடிச்சு..." என்று கழுத்துக் கயிற்றைத் தொட்டாள்.

அஞ்சம்மாள் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முந்தின நாள் சக்கரத்தைத் தடவிப் பார்த்த அதே கை.

"முத்தம்மா போட்டதா? நல்லா கெட்டியாத்தான் கீது. யாரு போட்டா இன்னா, அவுராம இருந்தா சரி" என்றாள்.

பிறகு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள்.

"உக்காருமே பூவம்மா. நானே நிமுத்தின கூடைதான், தாங்கும்."